மணைக்கு ஒரு விரிப்பு

கத்தரியை எடுத்தால் ஒரு நொடி வேலைதான். ஆனாலும் தமயந்தி கத்தரிப் பக்கம் போகாமல் நகத்தாலேயே அந்த டையின் முடிச்சை நோண்டிக்கொண்டிருந்தாள், ஏனென்றால் முடிச்சைப் போட்டவர் ஞானசேகரன், அவர் போய் ஒன்றரை வருஷமாகிறது, இன்னொரு முடிச்சுப் போட இனி அவர் வரப்போவதில்லை. மனிதருக்கு அப்படி ஒரு பழக்கம். மருந்துக் கம்பெனி ரெப் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, புது டை வந்தால் கண்ணாடி முன்னால் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை முடிச்சுப் போடுவார், அப்புறம் அந்த டையின் ஆயுசுக்கும் அவிழ்க்கவே மாட்டார், வீட்டுக்கு வந்ததும் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி ஆணியில் மாட்டுவார், காலையில் தலைவழியாகப் போட்டு இறுக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். தாலிக்கு மூணு முடிச்சு, டைக்கு ஒரு முடிச்சு, உன்னைவிட எனக்கு ரெண்டு கம்மி, தப்பிச்சேன் என்பார். பெரிய ஹாஸ்யம் என்று நினைப்பு. அவருடைய சட்டையும் பேண்டும் பதினாறாம் நாளே ஒரு போர்வையில் மூட்டையாகிச் சலவைக்காரர் வீட்டுக்குப் போயின, டைகளை மட்டும் அவர் திருப்பி வைத்துவிட்டார், இதை வச்சு நான் என்னம்மா பண்றது, மாட்டைக் கட்டவா என்று கேட்டார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை, திண்டுக்கல் வெயிலில் யார் இதை ஆசைப்பட்டுக் கழுத்தில் மாட்டுவார்கள். அப்படித் தப்பியவைதான் இவை. மகள் இலக்கியா பெங்களூரிலிருந்து போனில் கேட்டிருந்தாள், அம்மா, அப்பா டையெல்லாம் சேத்து எனக்கு ஒரு தலகாணி உறை தைச்சுக் குடேன், கல்யாணம் ஆகிப் போறப்ப எடுத்துட்டுப் போறேன். தையல்தான் தமயந்தியின் பிழைப்பு, தலகாணி உறையெல்லாம் ஒரு வேலையா, சரியென்று சொல்லியிருந்தாள். ஆனால் மிஷின் மேல் இன்னொரு துணியும் கிடந்தது, அரக்குப் பட்டு, ஓரகத்தி சுகந்தியின் ஜாக்கெட் துணி, சாயங்காலம் வாங்கிப்போக வருவாள். மணையில் உட்கார்வதற்கான ஜாக்கெட். இலக்கியாவைத் தாரைவார்த்துக் கொடுக்கப் பெற்றவள் உட்கார வேண்டிய மணையில் சித்தப்பா மனோகரனும் சித்தி சுகந்தியும் ஜோடியாக உட்காரப் போகிறார்கள், பெற்றவள் இப்போது ஒற்றை. அவளுக்குப் பதிலாக உட்காருகிறவளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வேண்டியவளும் அவளேதான். கூத்தைப் பாருங்கள்.

முடிச்சு வந்துவிட்டது. அவிழ்ந்த இடத்தில் துணி சுருங்கிக் கறுத்துக் கிடந்தது, முகர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் முகர்ந்துவிட்டாள், பவுடர், வியர்வை, பஸ் சீட்டு, கொஞ்சம் மருந்து வாடை, மனிதர் மொத்தமாக மூக்கில் ஏறிவிட்டார். போதும், வேலையைப் பார். டையைத் திருப்பினால் முதுகில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு நூலோட்டம், நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசும் பிரிந்து வாயைத் திறக்கிறது, உள்ளே வெள்ளைக் கேன்வாஸ், அடேயப்பா, வெளியில் இத்தனை ஜம்பம் அடித்த சாமான் ஒரு நூலிலா நின்றது. துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள், ரப்பர் மாதிரி நீண்டது. கிராஸ் கட்டிங், நெசவுக்கு மூலைவாட்டமாக வெட்டியது. ஜாக்கெட்டுக்குக் கிராஸ் வெட்டினால் உடம்போடு படியும், கழுத்துக்கும் அதே கணக்குப் போலிருக்கிறது. கிராஸைக் கிராஸோடு சேர்த்து ஓட்டினால் தையல் கோணிக்கொள்ளும், அடியில் நியூஸ்பேப்பர் வைத்துப் பேப்பரோடு சேர்த்து ஓட்டிவிட்டு அப்புறம் பேப்பரைக் கிழிக்க வேண்டும், அது தெரியாமல் எத்தனை பேர் துணியைப் பாழாக்குகிறார்கள். முதல் இரண்டு துண்டையும் சேர்த்துப் பெடலை மிதித்தாள். அந்த அரக்குப் பட்டைப் பார்க்காமல் மிதித்தாள். உங்க கை அளவு வேற யாருக்கும் வராதுக்கா, அதான் வேற டெய்லர்கிட்டயே போகல என்று சொல்லித்தான் சுகந்தி துணியைக் கொடுத்தாள், சிரித்துக்கொண்டே கொடுத்தாள், கேலி இல்லை, குத்தல் இல்லை, யோசனையே இல்லை. பூ வைக்க வந்த அன்றும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் இருந்தார்கள், இவள் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள், காபி ஆறுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, மனோகரன் உள்ளே வந்து அண்ணி, மணையில நானும் சுகந்தியும் உக்காந்துக்கிறோம், பேசியாச்சு, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க என்றார். மனசில் வைக்காமல் எங்கே வைப்பது, சம்படத்திலா. அவள் டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். இவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக் கணக்கை முடித்திருக்கலாம். அண்ணன் உடம்பை ஒட்டன்சத்திரத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தவர் மனோகரன், ஒரு மாதம் இங்கேயே தங்கி இவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் சுகந்தி. நல்லவர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. விஷயம் தெரிந்ததும் இலக்கியா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நீ எங்கம்மா நிப்ப? எங்கயாவது ஒரு தூண் பக்கமா நிப்பேன்டி, நீ அதைப் பத்தியெல்லாம் கவலைப்படாத. சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நீ எங்கம்மா நிப்ப. நூல் அறுந்தது. ஊசியில் மறுபடி கோத்தாள், எச்சில் தொட்டு, கண் சுருக்கி, மூன்றாவது முயற்சியில்.

தெருவில் வண்டிக்காரனின் ஸ்பீக்கர் தக்காளி, சின்ன வெங்காயம் என்று ஒரே குரலில் கத்திக்கொண்டு போனது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, இவள் அடுத்த டையை எடுத்தாள், அடுத்ததை, அதற்கடுத்ததை. எல்லாம் கம்பெனி கொடுத்தவை, வழவழ பாலியஸ்டர், ஒன்றில் குட்டிக் குட்டியாக மாத்திரைப் படம், ஒன்றில் வாந்தி நிற்க விற்ற மருந்தின் பெயர், பட்டு என்று ஒன்றே ஒன்று. சுருக்கம் போகட்டும் என்று தேய்ப்புப் பெட்டியை வைத்தவள் காட்டனுக்கு வைக்கிற சூட்டையே மாத்திரை டைக்கும் வைத்துவிட்டாள், துணி பொசுங்கிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது, ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், இத்தனை வருஷம் துணியில் கை வைத்தவள் செய்கிற காரியமா இது. ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்தாள். இந்த மாத்திரை டையோடுதான் அவரை அன்றைக்குப் பார்த்தாள். இலக்கியாவுக்கு அப்போது ஏழெட்டு வயசு, காய்ச்சல், தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டாக்டரிடம் ஓடியிருந்தாள். உள்ளே பெஞ்சுக் கோடியில் ஞானசேகரன், மடியில் பை, கழுத்தில் டை, நெற்றியெல்லாம் வியர்வை, அவர் பழனி போயிருப்பதாக அல்லவா இவள் நினைத்திருந்தாள். கம்பவுண்டர் வந்து, ரெப் எல்லாம் வெளிய நில்லுங்க, பேஷண்ட் உக்காரணும் என்றான். அவர் எழுந்தார். எழும்போதுதான் இவளைப் பார்த்தார், பார்த்ததும் பார்க்காதது போல வெளியே போய்ச் செருப்பு விடுகிற இடத்தில், செருப்புகளுக்கு நடுவில், பையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் எழுந்த இடத்தில் இவள் பிள்ளையோடு உட்கார்ந்தாள், பெஞ்சு இன்னும் சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அன்றைக்கும் பேசவில்லை, என்றைக்குமே பேசவில்லை. புள்ளைக்கு டாக்டர் என்ன சொன்னாரு என்று மட்டும் கேட்டார். டையைத் தளர்த்தி ஆணியில் மாட்டினார். சாகும்வரை எத்தனை வாசலில், எத்தனை செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் அந்த மனிதர் அப்படி நின்றிருப்பார், நின்ற காலில் வாங்கிய சம்பளத்தில்தான் இந்த மிஷினும் வந்தது, அந்தப் பெண்ணின் படிப்பும் வந்தது. இப்போது அவர் பெண்டாட்டி ஒரு தூண் பக்கம் நிற்கப் போகிறாளாம். பெடலை வேகமாக மிதித்தாள். காலில் இருக்கிற கோபம் கைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது தையற்காரிக்கு வாய்த்த வித்தை.

அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் இருப்பது ஊதாக் கோடு போட்டது, கடைசி நாள் போட்டுக்கொண்டு போனது, ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் சாய்ந்திருந்தவரைத் தூங்குகிறார் என்று கண்டக்டர் நினைத்துவிட்டார், ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் தோளைத் தட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மூச்சு வருகிறதா என்று பார்க்கிற அவசரத்தில் டையைக் கத்தரியால் வெட்டிவிட்டார்கள். முடிச்சைத் தளர்த்தினால் போதும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன. கவரைத் திறந்தாள், இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், வெட்டு வாயும் வெட்டு வாயும் சேருகிற மாதிரி வைத்து ஓட்டினாள். ஆனால் அதன் பின்னாலேயே அந்தப் பயம் வந்தது, எப்போதும் வருகிற பயம், இந்த வீட்டில் ஆணிகளில் வரிசையாக டை தொங்கிய காலத்தில் மாமியார் சொன்னது, சுருக்குக் கயிறு மாதிரி தொங்குது, வீட்டுக்கு ஆகாது, முடிச்சை அவுத்துப் போடச் சொல்லு. அந்தம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். ஆனால் ஞானசேகரனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது யாரோ ஒருத்தி ஆணியைப் பார்த்து அப்பவே சொன்னாங்க என்று முணுமுணுத்தது இவள் காதில் தெளிவாக விழுந்தது. அபத்தம் என்று தெரியும். தெரிந்தும் பல நாள் அந்த ஆணிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள், நான் அவிழ்த்து வைத்திருக்கலாமோ. இதுதான் அவளுடைய சங்கடம், மற்றவர்கள் சொல்வதை நம்பாதவள்தான், ஆனால் நம்பாததற்கும் பயப்படுகிறவள். மணையில் அவளே உட்கார்ந்து, பிறகு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று ஆனால். மாப்பிள்ளைக்கு வேலை போனால், இருவருக்கும் ஒத்துவராமல் போனால், முதல் பிள்ளை தங்காமல் போனால். யாரும் வாய் திறக்க வேண்டாம், அவளே அவளைப் பார்த்துக் கை நீட்டுவாள். சின்னஞ்சிறுசுக வாழ்க்கை, நமக்கு எதுக்கு வம்பு என்று சம்பந்தியம்மாள் அன்றைக்குப் பொதுவாகச் சொல்லிவைத்ததும் இதைத்தான். பொதுவாகச் சொல்வதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும், யாரைக் குத்தியது என்றே தெரியாது, குத்துப்பட்டவளுக்கு மட்டும் தெரியும்.

அடுத்த டைக்குக் கையை நீட்டினாள், கை தரையில் பட்டது. தீர்ந்துவிட்டது. மிஷினிலிருந்து இழுத்தால் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, மடியில் வழிந்து முழங்காலைத் தாண்டித் தரையில் இறங்கிக் கிடக்கிறது, அப்போதுதான் பார்த்தாள். தலகாணி உறைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்க்கவேயில்லை, ஒன்றோடு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறாள், இது எந்தத் தலகாணிக்கும் ஆகாது, யானைக்குத் தலகாணி தைத்தால் ஆகும். சரி, பாதியை வெட்டிவிடலாம் என்று தரையில் விரித்தாள். அடியில் பேப்பர் சரசரத்தது, அதைக் கிழிக்க வேண்டும், வாகாக இருக்கட்டும் என்று அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓரத்திலிருந்து கிழித்துக்கொண்டு வந்தாள், நேற்றைய செய்தியெல்லாம் துண்டு துண்டாக வந்தது, மழை வரும் என்று ஒரு துண்டில், யாரோ ராஜினாமா என்று ஒரு துண்டில். பாதி கிழித்த பிறகு நிமிர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு விரிப்பு மிச்சம் இருந்தது. தாரைவார்க்க உட்காரும்போது மனைவிக்குப் பக்கத்தில் புருஷன் உட்காருகிற இடம். அவள் அசையவில்லை. இதற்காகத் தைக்கவில்லை, சத்தியமாக இல்லை, தலகாணிக்குத்தான் தைத்தாள். ஆனால் மணைப் பலகையில் இப்படி ஒரு துணியைத்தானே விரிக்கிறார்கள், யாராவது ஒரு பட்டு வேட்டியை மடித்துப் போடுவார்கள், அதற்குப் பதில் இதைப் போட்டால் என்ன குடி முழுகிப்போகும். ஊர் என்ன சொல்லும். சொல்லட்டும். மாப்பிள்ளை வீட்டில். கேட்டுக்கொள்ளட்டும். இலக்கியாவுக்கு ஏதாவது. அந்த இடத்தில் மட்டும் மனசு மறுபடி மாட்டிக்கொண்டது, அதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை, எத்தனை தரம் சுற்றி வந்தாலும் அதே இடத்தில் வந்து இடித்தது. பதில் இல்லாமலேயே எழுந்தாள். வெட்டுவதற்கு எடுத்த கத்தரியை வைத்துவிட்டு அடித்துணிக்கு வைத்திருந்த காடாத் துணியை எடுத்தாள், நான்கு பக்கமும் மடித்து ஓட்டினாள், ஜோடியாக உட்காருகிற ஒரு பலகை அளவுக்கு. பயம் இருந்தது. பயத்தோடு ஓட்டினால் தையல் ஒன்றும் பிரிந்துபோகாது.

பைக் சத்தம் கேட்டது, மனோகரன் முன்னாலும் சுகந்தி பின்னாலும் வந்தார்கள். "அக்கா, ஜாக்கெட் ஆயிடுச்சா, போட்டுப் பாத்துடட்டுமா" என்று கேட்டுக்கொண்டே வந்த சுகந்தி அரக்குப் பட்டு மடிப்புக் கலையாமல் இருப்பதைப் பார்த்து நின்றாள். "இன்னும் வெட்டவே இல்லையாக்கா?"

"வெட்டல சுகந்தி."

மனோகரன் தரையில் கிடந்ததைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டோமோ என்று காலைப் பார்த்துக்கொண்டார், பிறகு குந்தி உட்கார்ந்து ஊதாக் கோட்டை விரலால் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். "அண்ணனோடதா எல்லாம்? என்ன அண்ணி இது?"

"மணைக்கு விரிப்பு தம்பி. நான் உக்கார்றதுக்கு."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அது அப்படி ஒன்றும் பெரிய வார்த்தையாகத் தெரியவில்லை. சுகந்தியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்களா அக்கா? தனியாவா?"

"பக்கத்துல இடம் விட்டுத்தான் தைச்சிருக்கேன்."

"அப்ப நாங்க? இந்தத் துணி?" சுகந்தி பட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"அதையும் தைச்சுத் தர்றேன். முதல் வரிசையில உக்கார்ற சித்தி பளிச்சுனு இருக்க வேண்டாமா?"

மனோகரன் எழுந்திருக்கவில்லை. குந்தியபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அண்ணி, நான் பழசு பேசுற ஆளில்ல, உங்களுக்கே தெரியும். உங்க ஆசை எனக்குப் புரியுது. ஆனா நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா ஊரு உங்களைத்தான் சொல்லும். ஊரை விடுங்க. நீங்களே உங்களைச் சொல்லிக்குவீங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?"

அவளுக்குள் பகல் முழுக்கச் சுற்றிச் சுற்றி இடித்த அதே கேள்வி, வேறொருவர் வாயிலிருந்து வந்து நடுக்கூடத்தில் விழுந்தது. அவளுக்குள் இருந்தவரை மலையாக இருந்தது, வெளியே வந்ததும் கேள்வி அளவுக்குச் சிறுத்துவிட்டது. அவள் வாய் பதிலைச் சொன்னபோது அவளும் அதை முதல் தடவையாகத்தான் கேட்டாள்.

"தம்பி, உங்கண்ணன் அந்த பஸ்ல ஏறின அன்னைக்கு நான் தலை நிறையப் பூ வச்சிருந்தேன். நெத்தியில குங்குமம், கழுத்துல தாலி, ஒரு குறையும் இல்ல. வாசல் வரைக்கும் வந்து நான்தான் எதிர்ல நின்னு அனுப்பி வச்சேன். அது எதைத் தடுத்துச்சு?"

சுகந்தியின் கை அவளறியாமல் தன் தாலிச் சரடைப் போய்ப் பிடித்துக்கொண்டது, பிடித்ததைத் தமயந்தி பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவித்தாள். தமயந்திக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, இரக்கமாகத்தான் இருந்தது, பிடித்துக்கொள்ளட்டும், நானும் பிடித்துக்கொண்டவள்தான்.

"அண்ணி, மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு ஒரு வார்த்தை..."

"ஆமா தம்பி, அதுவும் நியாயம்தான்" என்று சொல்லித் தமயந்தி மிஷின் மேலிருந்த போனை எடுத்தாள். மடியிலும் முந்தானையிலும் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன, தட்டிவிடாமல் அப்படியே நின்றுகொண்டு சம்பந்தியம்மாளைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சம்பந்தியம்மா, தமயந்தி பேசுறேன். நல்லா இருக்கேன். எம்பொண்ணை நானே மணையில உக்காந்து தாரைவார்த்துக் குடுக்கப் போறேன். இல்லைங்க, உங்களைக் கேக்கறதுக்குக் கூப்பிடல. சொல்றதுக்குக் கூப்பிட்டேன்."